ஆவணக் குவியலும் செயற்கை நுண்ணறிவும்

அமெரிக்க சிவில் வழக்குகளில், விசாரணை ஆரம்பமாவதற்கு முன்னரே ஒரு தரப்பினர் தம்வசமுள்ள தொடர்புடைய ஆவணங்களை எதிர்த்தரப்பின் கோரிக்கைக்கிணங்கக் கையளிக்க வேண்டும். ஆவணங்கள் கோவைகளில் கிடந்த காலத்தில் இளம் சட்டத்தரணிகள் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துத் தரம்பிரித்தனர். மின்னஞ்சல் பெருகிய பின்னர் அது இயலாத காரியமாயிற்று. 2006 ஆம் ஆண்டில் சமஷ்டி சிவில் நடவடிக்கைமுறை விதிகள் திருத்தப்பட்டு, இலத்திரனியல் முறையில் சேமிக்கப்பட்ட தகவல்களும் இக்கடப்பாட்டினுள் வெளிப்படையாகவே உள்ளடக்கப்பட்டன.

குறிப்பிட்ட சொற்களைக் கொண்டு கணினியில் தேடுவதே ஆரம்பத்தில் கையாளப்பட்ட வழி. "பதவியுயர்வு" எனத் தேடினால் அச்சொல் இடம்பெறும் கடிதங்கள் யாவும் வந்து குவியும். அச்சொல்லைப் பயன்படுத்தாமலே ஓர் ஊழியரை ஓரங்கட்டிய கடிதமோ தப்பிவிடும். வழக்கின் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவ்வாறான கடிதமே.

பப்ளிசிஸ் விளம்பரக் குழுமத்துக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட பால்நிலைப் பாரபட்ச வழக்கில் சுமார் 30 இலட்சம் மின்னஞ்சல்கள் ஆராயப்பட வேண்டியிருந்தன. சட்டத்தரணிகள் தரம்பிரித்த மாதிரிகளிலிருந்து கற்றுக்கொண்டு எஞ்சியவற்றைக் கணினியே மதிப்பிடும் முறையை, 2012 பெப்ரவரியில் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றத்தின் நீதிபதி அன்ட்ரூ பெக் அங்கீகரித்தார். இம்முறையை ஏற்றுக்கொண்ட முதலாவது நீதிமன்றத் தீர்மானமாக இது கருதப்படுகிறது. ஆயினும் இயந்திரத்தின் மீதான நம்பிக்கையில் மாத்திரம் அவர் அனுமதி வழங்கவில்லை. கணினிக்குப் பயிற்சியளிக்கப் பயன்பட்ட ஆவணங்கள், சட்டத்தரணி – கட்சிக்காரர் இரகசியத்துக்கு உட்பட்டவை தவிர, எதிர்த்தரப்புக்குக் காட்டப்பட வேண்டும். தொடர்பற்றவையெனக் கணினி ஒதுக்கியவற்றிலிருந்து 2,399 ஆவணங்களை எழுமாறாக எடுத்து மனிதர் பரிசீலிக்க வேண்டும் என்பன அந்த ஏற்பாட்டின் அம்சங்களாகும். வழக்காளியைப் பொறுத்தவரை அந்த ஒதுக்கப்பட்ட குவியலே உயிர்நாடி. அதைத் திறந்து பார்க்கும் உரிமை இல்லையேல் எவ்வளவு நுட்பமான மென்பொருளும் ஒரு பூட்டுத்தான்.

2016 இல் நியூயோர்க் மாநகருக்கு எதிரான வழக்கொன்றில் இதே நீதிபதி, இம்முறை சிறந்ததேயெனினும் விரும்பாத தரப்பின் மீது அதனைத் திணிக்க மறுத்தார்.

எழுதும் ஆற்றல் கொண்ட செயலிகள் வந்தபோது இத்தகைய சரிபார்ப்பு ஏதும் உடன் வரவில்லை. ஏவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சட்ஜிபிடி புனைந்துரைத்த, உலகில் இல்லாத தீர்ப்புகள் நீதிமன்றில் சமர்ப்பிக்கப்பட்டன. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டொலர் அபராதம் விதித்தார். நம்பகமான செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியைப் பெறுவது தன்னளவில் தவறல்ல எனக் கூறிய அவர், தீர்ப்புகளின் உண்மைத்தன்மை குறித்துக் கேள்வி எழுந்த பின்னரும் சட்டத்தரணிகள் அவற்றை வலியுறுத்தி நின்றதையே கண்டித்தார்.

2024 ஜூலையில் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் வெளியிட்ட ஒழுக்கநெறி அபிப்பிராயம், கருவி தரும் விடைகளைத் தக்கவாறு சரிபார்க்குமாறும் கட்சிக்காரரின் இரகசியம் காக்குமாறும் கோருகிறது. மணித்தியாலக் கணக்கில் கட்டணம் பெறுவோர் உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு மாத்திரமே அறவிடலாம் என்றும் அது கூறுகிறது. பல நாள் வேலை சில நிமிடங்களில் முடிந்தால், நிமிடங்களுக்கே கட்டணம்.