கண்ணாடி இல்லாத கிரீன்ஹவுஸ்: சின்னமனூர் கொடிக்கால்

மொட்டை மாடியில ஒரு கிரீன்ஹவுஸ் போடலாமான்னு இணையத்துல தேடுனா, கண்ணுல படுறது பெரும்பாலும் குளிர் நாட்டு வீடியோக்கள்தான். பாலிதீன் கூரை, நாலு பக்கமும் சுவர், இறுக்கமா மூடின கதவு. அதை அப்படியே தேனி மாவட்டத்து வெயிலில் கட்டினால், சித்திரை மாதம் செடி உள்ளேயே வெந்துபோகும். காசும் போகும்.

காரணம் எளிது. கிரீன்ஹவுஸ் பிறந்ததே குளிரை ஏமாற்ற. ரோமப் பேரரசர் டைபீரியஸுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர். சக்கரம் வைத்த பாத்திகளில் வளர்த்து, வெயில் அடித்தால் வெளியே தள்ளி, குளிர் நாளில் ஒளி புகும் மெல்லிய கல் பலகைக்கு அடியில் வைப்பார்களாம். பிளினி எழுதி வைத்திருக்கிறார். பிறகு கண்ணாடி வந்தது. பிரிட்டனில் 1845ல் கண்ணாடி வரி நீங்கியது, 1851ல் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் லண்டனில் கிரிஸ்டல் பேலஸையே எழுப்பிவிட்டார். 1889ல் அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகை அந்த மோகத்தின் வாரிசு. இன்று அது மலர்க் கண்காட்சிக்குத்தான் பேர்போனது.

1909ல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு, வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும் பாறை உப்பு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடானது. அதாவது, சூடான காற்று மேலே தப்பிக்க வழியில்லாததுதான் முக்கியக் காரணம். நமக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரே பாடம்: காற்றை அடைக்காதே.

இதை வுட்டுக்காகக் காத்திருக்காமல் செய்து வந்தவர்கள் கொடிக்கால் விவசாயிகள். சின்னமனூர்னு சொன்னா வரலாறு படிச்சவங்களுக்குப் பாண்டியர் செப்பேடு ஞாபகம் வரும்; மத்தவங்களுக்கு வெற்றிலை. வெற்றிலை தென்கிழக்காசிய மழைக்காட்டுக் கொடி. நேர் வெயில் ஆகாது, வறண்ட காற்று ஆகாது, வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல். மழை மறைவுப் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு காட்டையே செய்து கொடுக்க வேண்டும்!

வங்காளத்தில் இதற்கு மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கூரை வேய்ந்த 'பரோஜ்' கட்டினார்கள். நம் ஊரில் கூரையையே நட்டார்கள். முதலில் அகத்தி விதைப்பு. அது வளர்ந்த பிறகு அடியில் வெற்றிலைக் கொடி. கொடி ஏற ஏற அகத்தித் தண்டோடு சேர்த்து நாரால் கட்டுவார்கள். அகத்தியின் சின்னச் சின்ன இலைகள் வெயிலைச் சல்லடை போட்டு இறக்கும். நிழல் கூடினால் கழித்துவிட்டால் போச்சு, கழித்தது ஆட்டுக்கும் கீரைக்கும். அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து தரும். பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால்: ஈரமும் தரும், மிஞ்சினதை வடிக்கவும் செய்யும். கொடி எட்டாத உயரம் போனதும் இறக்கிக் கட்டி, மறுபடி தளிர்க்க வைப்பார்கள். 1895ல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்போ புரியும்.

இந்தியாவின் மிகச் சிறந்த பசுமைக்குடில் வடிவமைப்புகளில் ஒன்று இது என்பேன். இதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

சரி, உங்க மாடிக்கு? பாலிதீனை மறந்துடுங்க. பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை போதும். கூரையை உயரமா வைங்க, பக்கங்களைத் திறந்தே விடுங்க. மேற்குப் பக்கம் மட்டும் பீர்க்கையோ கோவைக்கொடியோ ஏத்திவிட்டா, சாயங்கால வெயிலை அதுவே வாங்கிக்கும். தொட்டிகளுக்கு அடியில் தண்ணீர் வடிய இடம் விடுங்க. வலையைச் சட்டத்தோடு நிரந்தரமா அறையாம, கயிற்றால் கட்டுங்க. ஆனி, ஆடியில பள்ளத்தாக்கு வழியா வர்ற காத்து, காற்றாலையையே சுத்தவைக்கிற காத்து. அதுக்கு முன்னாடி வலையை அவிழ்த்து இறக்கிடணும்.