அடுத்த வீட்டுக் காது

கெஸ்டபோ என்றதும் நம்ம மனசில் ஒரு படம் ஓடும். தோல் கோட்டு போட்ட ஆட்கள், தெருவுக்குத் தெரு ஒற்றர்கள், ஜெர்மனியின் ஒவ்வொரு வீட்டையும் கவனித்துக்கொண்டே இருக்கும் ரகசிய போலீஸ். சினிமா கொடுத்த படம் அது. கணக்கு வேற மாதிரி இருக்கிறது. 1937 வாக்கில் கெஸ்டபோவில் இருந்தவர்கள் சுமார் 7,000 பேர்தான். குமாஸ்தாக்களும் தட்டச்சு செய்கிறவர்களும் இதில் அடக்கம். நாட்டின் மக்கள்தொகையோ ஆறரைக் கோடிக்கும் மேல். இவ்வளவு சின்ன படையால் அவ்வளவு பெரிய நாட்டை எப்படி வாயடைக்க முடிந்தது?

முதல் காரணம், வேகம். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர் ஆனபோது, அமைச்சரவையில் அவரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே வந்த அவசர ஆணையில் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் போச்சு. மார்ச் 22-ல் டாகாவ் முகாம் திறந்தார்கள். மறுநாள், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரம் ஹிட்லர் அரசுக்கு 444-க்கு 94 என்ற வாக்குகளில் கிடைத்தது. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை. ஜூலை 14-ல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம். எல்லாம் ஐந்தரை மாதத்துக்குள்!

இரண்டாவது காரணம்தான் நம்மை அதிகம் உறுத்தும். 1934 டிசம்பரில் வந்த ஒரு சட்டப்படி, ஆட்சியைப் பற்றி அவதூறாகப் பேசினாலே சிறை. மதுக்கடையில் அடித்த ஒரு ஜோக் போதும். ஆனால் அது போலீஸ் காதுக்கு எப்படிப் போகும்? பக்கத்து மேஜைக்காரர் சொன்னால்தானே!

போர் முடிகிற நேரத்தில் கெஸ்டபோ கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. வூர்ஸ்பர்க் மாதிரி சில ஊர்களில் மட்டும் தப்பியது. அதைப் புரட்டிப் பார்த்தவர் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஜெல்லட்லி. யூதர்களோடு பழகினார்கள் என்று அங்கே பதிவான வழக்குகளில் பாதிக்கும் மேல் பொதுஜனம் கொடுத்த புகாரில் தொடங்கியவை என்று அவர் கண்டார். எல்லாம் கொள்கைப் பிடிப்பில் வந்த புகாரா? அதுவும் இல்லை. வாடகைத் தகராறு, வியாபாரப் போட்டி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அதில் கலந்திருந்தது. பொய்ப் புகார்கள் குவிவதைப் பார்த்து அதிகாரிகளே சலித்துக்கொண்டார்கள்.

அதற்காக, கெஸ்டபோ சும்மா உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம் இல்லை. கம்யூனிஸ்டுகளையும் யூதர்களையும் அது தேடித் தேடி வேட்டையாடியது. அந்தக் கொடூரத்தை எல்லோரும் பார்த்திருந்ததால்தான் ஒரு சின்ன புகாருக்கும் அவ்வளவு பலம் இருந்தது. கட்சி எதிலும் இல்லாத சாதாரண ஜெர்மானியருக்கு, நடைமுறையில் போலீஸைவிட மாடிப்படியில் எதிர்ப்படுகிற ஆள்தான் பெரிய பயம்.

பேசுவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஊருக்கே வந்துவிட்டது. கையை நீட்டி வைக்கும் நாஜி வணக்கத்துக்கு 'ஜெர்மன் வணக்கம்' என்று பெயர். அதைக் கிண்டலடித்து, இந்தத் திரும்பலுக்கு 'ஜெர்மன் பார்வை' என்று பெயர் வைத்தார்கள் மக்கள். அந்தக் கிண்டலையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1945-ல் அந்தச் சட்டங்களை நேச நாடுகள் ரத்து செய்தன. புகார் கொடுத்தவரும், மாட்டிக்கொண்டு உயிரோடு திரும்பியவரும் பல ஊர்களில் பழையபடி ஒரே தெருவில்தான் குடியிருக்க வேண்டியிருந்தது.