தசைநாணும் பயிற்சியும்: ஆர்க்காட்டுச் சீமையில் கைகள் மீண்ட வரலாறு

இன்றைய விழுப்புரமும் திண்டிவனமும் 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. அதன் வடமேற்கே வேலூரைத் தலைநகராகக் கொண்ட வடார்க்காடும், வடக்கே செங்கல்பட்டும் எல்லைகளாக அமைந்திருந்தன. நெல்லும் மணிலாவும் கரும்பும் விளைந்த இந்த மூன்று மாவட்டங்களும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தொழுநோய் மிகுந்த நிலப்பரப்பாக அறியப்பட்டவை. தொழுநோயால் விரல் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையாலும் அதைத் தொடர்ந்த நீண்ட பயிற்சியாலும் வேலைக்குத் திருப்ப முடியும் என்பது ஒரு மருத்துவ முறையாக நிலைபெற்றதும் இங்கேதான். இந்த வரலாற்றில் அறுவை மருத்துவர்களின் பெயர்கள் உலகெங்கும் அறியப்பட்டிருக்கின்றன. அறுவைக்கு முன்னும் பின்னும் கைகளைப் பிடித்துப் பழக்கிய இயன்முறை மருத்துவர்களின், அதாவது பிசியோதெரபிஸ்டுகளின், பங்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிற உறுதியான கயிறு போன்ற பகுதியே தசைநாண். ஊர்ப்பேச்சில் இதையும் நரம்பு என்றே சொல்லிவிடுவதுண்டு. ஆனால் நரம்பு மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்வது, தசைநாணோ தசையின் இழுவையை எலும்புக்குக் கடத்துவது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பதால் அவற்றின் நாண்கள் மணிக்கட்டையும் உள்ளங்கையையும் கடந்து, விரலுக்குள் இருக்கும் உறைகளின் வழியே, கிணற்றுக் கப்பியில் ஓடும் கயிற்றைப் போல வழுக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அறுந்த நாண் ஆறும்போது உண்டாகும் வடுத்திசு, நாணின் இரு முனைகளை மட்டும் இணைப்பதில்லை. சுற்றியுள்ள உறையோடும் தோலோடும் அதை ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய நாண் எவ்வளவு வலுவாக இருந்தாலும் விரலை அசைக்காது. அசைக்காமல் வைத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும், அவசரமாக அசைத்தால் தையல் பிரிந்துவிடும் என்ற இந்த இக்கட்டுக்கு விடை தேடியதே தசைநாண் சிகிச்சையின் வரலாறு எனலாம்.

தமிழ் மருத்துவ மரபு இந்தச் சிக்கலின் ஒரு பக்கத்தை முன்பே அறிந்திருந்தது. சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருந்து முறைகளில் ஒன்றான தொக்கணம், தைலமிட்டு உடலைப் பிடித்துவிடும் முறையாகும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதை ஒன்பதாகப் பிரித்தார்கள். இழுத்தலையும் அசைத்தலையும் சிகிச்சையாகவே பெயரிட்டு வகைப்படுத்திய மரபு ஒன்று இருந்த ஊர்களில்தான் பிற்காலத்தில் எண்ணெய் தடவி விரல்களை நீவும் பயிற்சி மருத்துவமனைக்குள் நுழைந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல இடமில்லை என்றாலும், கையைப் பிடித்து நீவுவதை இங்குள்ள நோயாளிகள் அந்நியமாகக் கருத வேண்டியிருக்கவில்லை.

வேலூர் மருத்துவமனையின் கதை தொடங்கும் இடம் திண்டிவனம். அமெரிக்க ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் அங்கே பணியாற்றியபோது, 1890ஆம் ஆண்டையொட்டி, அவருடைய மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து பெற்றோரிடம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று குடும்பங்கள் பேறுகாலத்தில் தவித்த பெண்களுக்காக உதவி கேட்டு வந்தன. ஆண் மருத்துவரைப் பெண்களிடம் அனுமதிக்க அவை இசையாததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுக்குப் பின் மருத்துவம் படிக்க முடிவெடுத்த ஐடா ஸ்கடர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்து, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த அந்த நிறுவனமே கை அறுவையின் களமாக மாறியது.

தென்னார்க்காட்டுக்குள்ளேயே 1940களின் நடுவில் மற்றொரு முயற்சி முளைத்தது. ஆங்கில இலக்கிய அறிஞரும், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் அன்புக்குரியவரும், தாமே தொழுநோயை அனுபவித்தவருமான டி. என். ஜகதீசன், மழவந்தாங்கலில் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். 1945இல் திருத்தி வெளியிடப்பட்ட தம் நிர்மாணத் திட்டத்தில் காந்தியடிகள் தொழுநோயாளர் பணியையும் ஓர் இனமாகச் சேர்த்திருந்தார். அந்தச் சிந்தனை கிராமத்தில் உருப்பெற்ற இடங்களில் மழவந்தாங்கல் முதன்மையானது. நோயைக் குறித்து எழுதவும் பேசவும் நோயை அறிந்த ஒருவரே முன்வந்தது அக்காலத்தில் எவ்வளவு பெரிய துணிவு என்பதை இன்று முழுமையாக உணர்வது கடினம். 1957இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அப்போது தொழுநோய் மருத்துவத்தில் முன்னணியில் இருந்தவர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்திய அவர், சல்போன் வகை மருந்தை 1946இல் அங்கே சோதித்துப் பார்த்தார். கிருமியை அடக்கும் மருந்து கிடைத்தது; ஆனால் முன்பே மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த எந்த மருந்தாலும் முடியவில்லை. நோய் குணமானவர்கூட மடங்கிய கையைக் கொண்டே அடையாளம் காணப்பட்டு விலக்கப்பட்டார். அந்தக் கையால் களையெடுக்கவோ நாற்று நடவோ அவரால் இயலவில்லை. மருந்து நோயை முடித்துவைத்த இடத்திலிருந்து அவருடைய வறுமை தொடங்கியது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இன் இறுதியில் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், அடுத்த ஆண்டு காக்ரேனின் அழைப்பின்பேரில் திருமணிக்குச் சென்றார். விரல்கள் மடங்கிச் செயலற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஒருவரின் கையைப் பற்றியபோது அந்தப் பிடி எதிர்பாராத வலுவோடு இருந்ததை அவர் கவனித்தார். முன்கைத் தசைகள் பழுதுபடவில்லை என்பதே அதன் பொருள். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவதால், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையே, குறிப்பாக முழங்கையின் உட்புறமாகச் செல்லும் அல்னார் நரம்பையே, முதலில் தாக்குகிறது. அந்த நரம்பை நம்பியிருக்கும் உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழக்கும்போது விரல்கள் அடிமூட்டில் பின்னுக்கு நிமிர்ந்தும் நடுமூட்டில் உள்நோக்கி மடங்கியும் கொக்கிபோலாகிவிடுகின்றன. கை அழுகிப்போகவில்லை, அதை இயக்கும் இழுவைகளின் சமநிலைதான் கெட்டிருக்கிறது என்பது தெளிவானதும், நலமாக உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து இழந்த தசையின் வேலைக்கு மாற்றலாம் என்ற வழியும் தெளிவாயிற்று.

1948இல் வேலூரில் அத்தகைய அறுவைகள் தொடங்கின. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் இருப்பதால், அவற்றில் மேலோட்டமாக உள்ள ஒன்றை எடுத்து, இழைகளாகப் பிரித்து, விரல்களின் பக்கவாட்டில் கொண்டுசென்று தைப்பது அக்காலத்தில் அறியப்பட்டிருந்த முறை. பிடியின் வலு இதனால் குறைவதைக் கண்ட பிராண்ட், மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தும் தசைகளில் ஒன்றின் நாணை, கெண்டைக்காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீளமாக்கி, நான்கு கிளைகளாக விரல்களுக்கு அனுப்பும் முறையைப் பின்னர் வளர்த்தெடுத்தார். 1952இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் அவர் நிகழ்த்திய ஹண்டேரியன் உரையின் பொருள் இந்தக் கைகளின் சீரமைப்பே.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கை உருவானது அதற்கு முன்னும் பின்னும் சென்ற வாரங்களில்தான். வேலூரின் தொடக்க ஆண்டுகளில் ரூத் தாமஸ் என்ற இயன்முறை மருத்துவர் இந்தப் பணியைத் தாங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் படிப்படியாக அமைத்த ஒழுங்கு விரிவாகச் சொல்லத்தக்கது. பல ஆண்டுகள் மடங்கியே இருந்த விரல்களில் தோலும் மூட்டும் இறுகியிருக்கும். அந்த நிலையில் எந்த நாணை மாற்றினாலும் பயனில்லை. ஆகவே முதலில் கையை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, மூட்டு மூட்டாக நீவி நிமிர்த்தினார்கள். நீவலுக்கு இணங்காத விரலுக்கு உருளை வடிவில் மாவுக்கட்டுப் போட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் சற்றே நிமிர்த்தி மறுபடி கட்டினார்கள். இழுத்து நிமிர்த்தினால் கிழியும் திசு, மென்மையான இழுவையைத் தொடர்ந்து பெற்றால் தானாகவே வளர்ந்து நீளும் என்பதே இந்த முறையின் அடிப்படை. கத்தியின்றி விரல்களை நேராக்கிய இந்தத் தொடர் மாவுக்கட்டு முறை இன்றும் பல நாடுகளின் கை மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது.

அடுத்து, மாற்றப்படவிருக்கும் தசையை நோயாளி தனியே அடையாளம் காணப் பழக வேண்டியிருந்தது. பிற தசைகளை அசைக்காமல் அந்த ஒன்றை மட்டும் இறுக்கவும் தளர்த்தவும் தெரிந்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டது. அறுவை முடிந்து ஏறத்தாழ மூன்று வாரம் கை மாவுக்கட்டில் இருந்தது. நாண் புதிய இடத்தில் பற்றிக்கொள்ள அந்த அவகாசம் தேவைப்பட்டது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து தொடங்கியது மறுபயிற்சி. நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை இன்று விரலின் அடிமூட்டை மடக்க வேண்டும். மூளைக்கோ அந்தச் செய்தி தெரியாது. அதனால் பழைய அசைவையே செய்யச் சொல்லி, அதன் விளைவாகப் புதிய மூட்டு அசைவதை நோயாளி கண்ணால் காணும்படி செய்தார்கள். பொருளைப் பற்றும்போது மணிக்கட்டு இயல்பாகவே பின்னால் நிமிர்வதால் இந்த இரண்டு அசைவுகளும் விரைவில் இணங்கிவிட்டன. விரல்களை நேராக வைத்தபடி அடிமூட்டில் மட்டும் மடக்குவது முதல் பாடமாகவும், எடை குறைந்த பொருள்களைப் பற்றுவது அடுத்ததாகவும், கருவியைப் பிடித்து வேலை செய்வது இறுதியாகவும் அமைந்தன.

இதில் தொழுநோய் ஒரு தனிக் கடினத்தைச் சேர்த்தது. மற்ற நோயாளிக்கு வலி எச்சரிக்கை தரும். இவர்களுக்கு உணர்ச்சியே இல்லை. அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் நாண் பிரிவதும் தெரியாது, தோல் கொப்புளிப்பதும் தெரியாது. ஆகவே பயிற்றுநர் தம் கைகளால் நோயாளியின் கையைத் தொட்டு, எந்த இடம் சூடாக இருக்கிறது, எது வீங்கியிருக்கிறது, எது சிவந்திருக்கிறது என்று நாள்தோறும் பார்த்து அன்றைய பயிற்சியின் அளவைக் குறித்தார். தொழுநோயாளியைத் தொடுவதற்கு மருத்துவமனைகளே தயங்கிய காலத்தில், தொடுவதையே அன்றாடக் கடமையாக ஏற்றவர்கள் இவர்கள். இந்த வரலாற்றில் மிகுந்த மரியாதைக்குரிய பகுதி இதுவே.

1951இல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் அமைந்த நவஜீவ நிலையம், சீரான கைகளுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை செயல்படத் தொடங்கி, அறுவை மருத்துவர்களையும் பயிற்றுநர்களையும் பல நாடுகளிலிருந்து ஈர்த்தது. அதே 1955இல் திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகத்தை ஒட்டிய போளம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் சாலையோர மரத்தடிகளில் சிகிச்சை நாட்களை நடத்தி, நோயாளிகளை ஊரைவிட்டுப் பிரிக்காமலே மருந்து தந்தார். அவருக்குப் பின் கிளேர் வெல்லூ அந்தப் பணியை நெடுங்காலம் நடத்தினார். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் அமையக் காரணமானார். உடலியக்கத்தை மீட்பது அறுவையின் பின்னிணைப்பன்று, அதுவே ஒரு மருத்துவத் துறை என்பதை நாட்டில் நிறுவியவர்களில் அவர் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர்.

இந்தியாவில் இயன்முறை மருத்துவப் படிப்பு 1953இல் பம்பாயில் தொடங்கியது. துறையினரின் சங்கம் 1955இல் தோன்றியது. இதே காலத்தில் மேலைநாடுகள் காயத்தால் அறுந்த நாண்களைப் பற்றிய கருத்துகளை மாற்றிக்கொண்டிருந்தன. உள்ளங்கைக்கும் விரலின் நடுமூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறுந்த நாணை உடனே தைப்பது வீண் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1960களில் ஹெரால்டு கிளைனெர்ட், விரல் நுனியில் ரப்பர் வளையம் பூட்டி, நாணுக்குப் பளு ஏற்றாமல் அதை வழுக்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். 1970களில் ராபர்ட் டியூரன் மற்றவர் கையால் விரலை மெல்ல அசைக்கும் முறையை வகுத்தார். முதல் வாரத்திலேயே அளவோடு அசைத்தால் நாண் ஒட்டிக்கொள்ளாது, வலுவும் கூடும் என்று இவை காட்டின. நாண் மாற்று அறுவைக்குப் பின்னும் மூன்று வாரக் கட்டு தேவைதானா என்ற கேள்வியை, ஒடிசாவின் முனிகுடாவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய சந்தோஷ் ரத் 2000களில் ஆராய்ந்து, உடனடி அசைவும் பாதுகாப்பானதே என்று காட்டினார்.

1982இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் புதிதாக ஊனமடைவோர் தொகை பெரிதும் குறைந்தது; 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேரில் தொழுநோயாளர் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தசைநாண் சிகிச்சையை இன்று நாடுவோர் பெரும்பாலும் வேறு வகையினர். கரும்பு வெட்டும்போதும் கதிர் அறுக்கும்போதும் அரிவாள் பட்டவர்கள், இயந்திரத்தில் கை சிக்கியவர்கள், நெடுஞ்சாலை விபத்துகளில் காயமுற்றவர்கள் ஆகியோரே அவர்கள். இரு நகரங்களுக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தபின் அவர்கள் முதல் உதவிக்கே வேலூருக்கோ சென்னைக்கோ செல்லும் கட்டாயம் தளர்ந்தது. ஆனால் தைத்த நாண் பளுவான வேலையைத் தாங்க ஏறத்தாழ 12 வாரம் ஆகும். அத்தனை வாரமும் கூலியை இழந்து பயிற்சிக்கு வந்துபோவது ஒரு விவசாயத் தொழிலாளிக்கு எளிதன்று. தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்தது என்று கருதி நின்றுவிடும் கைகளே பின்னர் விறைத்துப்போகின்றன.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்லும் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தசைநாண் தைக்கப்பட்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரையும், கட்டோடு இருக்கும் முதல் வாரத்திலிருந்தே, அந்தத் திட்டத்தில் சேர்ப்பதை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும்.