மணலை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு

அதிகாலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டின் ‘சராசரி வேகம்’ என்ன என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். அந்த எண்ணால் யாருக்கும் பயன் இல்லை. லாரி ஊர்கிறது, தள்ளுவண்டி அதன் ஓரத்தில் புகுந்து போகிறது, மூட்டை சுமப்பவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓடுகிறார். ஆட்கள் கூடினால் லாரி நகராது. லாரி நின்றால் ஆட்கள் தேங்குவார்கள். திடம், திரவம், வாயு மூன்றும் கலந்து ஓடுவதைக் கணினியில் மாதிரியாக்குவதும் இதே தலைவலிதான். ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் உண்டு, ஆனால் எதுவும் தனியாக ஓடாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பொறியியல் படிப்பில் நான் கணக்குப் போட்ட தண்ணீர் ரொம்பச் சுத்தமானது. இந்த மார்க்கெட்டுக்கு வடக்கே ஓடும் காவிரி அப்படி இல்லை. அரை மில்லிமீட்டர் மணலாக இருந்தால், ஒரு கன மீட்டரில் சுமார் 900 கோடி மணிகள் கிடக்கும். எந்தக் கணினி ஒவ்வொன்றையும் பின்தொடரும்? அதனால் மணலையும் ஒரு திரவம்போல பாவித்து, தண்ணீரும் மணலும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி ஓடுவதாகச் சமன்பாடு எழுதுவார்கள். கஷ்டமெல்லாம் நடுவில் இருக்கிறது: எது எதை எவ்வளவு இழுக்கிறது? அதை ஆற்றிடம்தான் கேட்க வேண்டும்.

திருச்சியில் அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், அதனால் வேகமும் அதிகம். காவிரியில் வேகம் குறைய மணல் படிந்தது. படிந்த மணல் தண்ணீரைக் கொள்ளிடத்துக்குத் தள்ளியது. தண்ணீர் குறைந்ததால் இன்னும் மணல் படிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர் வயல்கள் வறண்டதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம்.

ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. பிரச்சினை முடிந்ததா? இல்லை. வந்த வேகத்தில் அது காவிரியின் படுகையையே அரிக்கத் தொடங்கியது. 1845-இல் காவிரியின் தலையிலும் குறுக்கே ஒரு அணை போட வேண்டியிருந்தது. தண்ணீருக்காகச் செய்த திருத்தத்துக்கு மணல் ஒன்பது வருடத்தில் பதில் சொல்லிவிட்டது. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடுவதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டனே பிற்பாடு எழுதினார். அவர்களிடம் சமன்பாடு கிடையாது. ஆனால் மணலை அவர்கள் கணக்கில் வைத்திருந்தார்கள்.

சமன்பாடுகள் பிறகு வந்தன. 1895-இல் கென்னடி, பஞ்சாபின் வாய்க்கால்களை அளந்து, மண் படியாமலும் அரிக்காமலும் ஓடும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். மேலணைக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1936-இல், பெர்லினில் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர், படுகையில் கிடக்கும் மணி எப்போது நகரத் தொடங்கும் என்பதற்கு ஒரு வரம்பைக் கண்டுபிடித்தார். இன்றைய மென்பொருள்களிலும் அந்த வரம்பு இருக்கிறது.

இதற்கிடையில் ஆறே மாறிவிட்டது. 1934-இல் வந்த மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலைத் தேக்கிக்கொண்டது. கீழே, கிடந்த மணலை லாரிகள் அள்ளின. மணல் இல்லாமல் வரும் தண்ணீருக்குச் சுமக்கும் சக்தி அப்படியே மிச்சமிருக்கும். அது படுகையில் கைவைக்கும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. கட்டுமானத்தின் வயசு என்றார்கள் சிலர். மணல் கொள்ளை என்றார்கள் சிலர். இரண்டும் ஒரே கணக்கின் உறுப்புகள். பழைய தூண் நிற்பதா விழுவதா என்பது அதன் காலடியில் எவ்வளவு மணல் மிச்சம் என்பதைப் பொறுத்தது.

வெள்ளம் வந்தால் நாம் இன்றும் ‘எத்தனை கன அடி?’ என்று மட்டும் கேட்கிறோம். செய்தியிலும் அந்த எண் மட்டும் ஓடுகிறது. அதோடு எவ்வளவு மணல் வந்தது, எவ்வளவு போனது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால், அடுத்து எந்தத் தூண் என்பது முன்கூட்டியே தெரிய வாய்ப்பிருக்கிறது.