மாடிச் சோலார்: பொறுப்பு கைமாறிய வரலாறு

வீட்டு மாடியில் சோலார் அமைத்துத் தருவது தமிழ்நாட்டில் தனித்தொழிலாகத் தலையெடுத்தது 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதற்கு முன்பும் சோலார் விளக்குகள் இருந்தன. ஆனால் பெரும்பாலும் அரசுத் திட்டத்தில் வந்தவை அவை. நாலு நிறுவனங்களிடம் விலை கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை வீட்டுக்காரருக்கு இல்லை. பேனல் விலை இறங்கிய கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியமானது இன்னொரு கதை: மாட்டியவர் யார், பழுதானால் வந்து நிற்பவர் யார் என்ற கேள்விக்குக் காலத்துக்குக் காலம் கிடைத்த பதில்கள்.

சிலிக்கானில் செய்த, நடைமுறைக்கு உதவும் முதல் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954 ஏப்ரலில் வெளியுலகுக்குக் காட்டியது. மேலே விழும் ஒளியில் சுமார் 6 சதவீதத்தை அது மின்சாரமாக மாற்றியது. இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் 1977-இல் முதல் மின்கலத்தையும் மறு ஆண்டில் முதல் பேனலையும் உருவாக்கியது. மரபுசாரா எரிசக்திக்கென்று மத்திய அரசு 1982-இல் தனித்துறை அமைத்தது. 1985-இல் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை, சுருக்கமாக 'டெடா', பிறந்தது.

அந்தக் காலத்து வீட்டு விளக்குத் தொகுப்பு எளிமையானது. 37 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று, 9 வாட் சிஎஃப்எல் விளக்கு இரண்டு. பேனல் பல ஆண்டு தாங்கும்; கவனிப்பு தேவைப்பட்டது பேட்டரிக்குத்தான். டிஸ்டில்டு வாட்டர் மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டும், முனைகளில் பூக்கும் படிவைத் துடைக்க வேண்டும், சார்ஜ் முழுதும் இறங்கவிடக் கூடாது. டெண்டர் எடுத்துப் பொருத்திய ஒப்பந்ததாரருக்கு எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வந்தது. அடுத்த ஆண்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவருக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பேட்டரி செத்ததும் நல்ல பேனலும் வெறும் கண்ணாடியாகக் கூரையில் கிடந்தது. கருவியைக் கொடுப்பதும் அதை ஓடவைப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதைத் தொழில் முதலில் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

இதற்கு மாற்றுவழி பக்கத்து மாநிலத்தில் உருவானது. 1995-இல் ஹரீஷ் ஹாண்டேயும் நெவில் வில்லியம்ஸும் பெங்களூரில் தொடங்கிய செல்கோ, கர்நாடகச் சிற்றூர்களில் கிளைகள் வைத்து, வீட்டின் தேவைக்கேற்ப விளக்கு அமைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சர்வீஸ் செய்தது. வங்கிக் கடனுக்கும் அதுவே வழிகாட்டியது. 2003-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் துணையோடு கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் சோலாருக்கென்றே கடன் திட்டம் நடத்தின. கடன் கொடுக்கும் வங்கிக்கும் விளக்கு எரிந்தாக வேண்டும், இல்லையென்றால் தவணை நின்றுபோகும். வாடிக்கையாளருக்காகக் கவலைப்பட மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தது அந்த ஏற்பாட்டின் பெரிய பலம். ஹாண்டேவுக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தது மின்வெட்டு. 2008-இல் கடுமையாகத் தொடங்கி, 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதிக்குமேல் கரண்ட் இல்லாத நிலை வந்தது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்ற கடைகள் பெருகின. அந்தக் கடைக்காரர்களில் பலர் அப்படியே சோலாருக்கும் வந்தார்கள். அதே காலத்தில், 2011-இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சோலார் விளக்குகள் தந்தது. ஐந்தாண்டில் 3 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. சோலார் என்ற சொல்லே பலருக்கு 'கரண்ட் போனாலும் எரியும்' என்ற பொருளில் பதிந்துவிட்டது.

அந்த நம்பிக்கைதான் அடுத்த கட்டத்தில் பெரிய மனத்தாங்கலுக்கு விதை போட்டது. 2012 அக்டோபரில் வெளியான மாநிலச் சூரியசக்திக் கொள்கை, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்குக்கு வழிவிட்டது: மாடியில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், இருவழி மீட்டர் அதைக் கணக்கில் கழிக்கும். இந்த வகையில் பேட்டரி இல்லை. மின்வாரியச் சப்ளை நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மாடியிலிருந்து வரும் மின்சாரத்தால் அடிபடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, குறை அல்ல. ஆனால் மின்வெட்டுக்குப் பயந்து பணம் போட்டவரிடம் இதை முன்கூட்டிச் சொல்லாத விற்பனையாளர் இருந்தால், முதல் மின்வெட்டிலேயே அவர் ஏமாற்றுக்காரராகத் தெரிந்தார். வாங்குபவரின் தேவை கட்டணக் குறைப்பா, மின்வெட்டுக்கு மாற்றா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்பவரே ஒழுங்கான தொழில்காரர் என்ற அளவுகோல் அப்போது உருவானது. இன்றைக்கும் அதைவிடச் சிறந்த முதல் சோதனை இல்லை.

அந்த ஆண்டுகளில் ஒரு கிலோவாட் அமைக்க ஒரு லட்ச ரூபாயை ஒட்டிச் செலவானது. மத்திய அரசின் 30 சதவீத மானியத்தோடு மாநில அரசு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. டெடாவின் பட்டியலில் இருந்த நிறுவனங்கள் மூலமே இதைப் பெற முடிந்தது. பட்டியலில் பெயர் இருப்பதே நம்பகத்துக்குச் சான்று என்று வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது பாதி உண்மை. பட்டியல், நிறுவனத்தின் காகிதங்களையும் கருவிகளின் தரச் சான்றையும் பார்த்தது. குறிப்பிட்ட ஒரு மாடியில் ஏறிய ஆட்களின் கைவேலையை அல்ல.

கைவேலையின் முக்கியத்துவம் நம் மாடிகளில் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டு மொட்டைமாடியில் கான்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போட்டு நீர் இறங்காமல் பாதுகாத்திருப்பார்கள். பேனல் தாங்கும் கால்களுக்காக அதில் துளை போட்டு போல்ட் இறக்கி, ஓரத்தைச் சரியாக அடைக்காமல் விட்டால், அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் தளத்தைத் துளைக்காமல் மேலே கான்கிரீட் கட்டைகள் வார்த்து, அவற்றில் கால்களை நிறுத்துகிறார்கள். கட்டையின் எடையும் கால்களின் உறுதியும் காற்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்தியத் தரநிலைப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயலையும் 2018 நவம்பரில் கஜா புயலையும் பார்த்த ஊர்களில் இந்த எண்ணை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிழலும் அப்படித்தான். மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலே, அதே வரிசையில் தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும் என்ற கணக்கு நிழலில்லாத மாடிக்குத்தான். போனிலேயே விலை சொல்லிவிடும் நிறுவனத்துக்குப் பக்கத்து வீட்டுத் தென்னை தெரியாது.

விதிகள் மாறியதும் தொழிலைச் சோதித்தது. 2019-இல் ஆணையம் நெட் மீட்டரிங்கை விட்டுவிட்டு, கம்பிக்குப் போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலை வைக்கும் முறைக்கு மாறியது. 2021-இல் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பியது. பழைய விதியை வைத்து 'இத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும்' என்று எழுதிக் கொடுத்த கொட்டேஷன்கள் பொருளிழந்தன.

2019-இல் தொடங்கிய மத்திய அரசின் இரண்டாம் கட்டக் கூரைச் சோலார் திட்டத்தில், பொறுப்பு மாநில முகமைகளிடமிருந்து மின் விநியோக நிறுவனங்களுக்கு மாறியது. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் என்று சொல்லிக்கொண்டு வசூலில் இறங்கிய சிலரால், அப்படி எந்த விற்பனையாளருக்கும் அங்கீகாரம் தரவில்லை என்று அமைச்சகமே 2021-இல் அறிவிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் தேசிய இணையதளம் வந்தபோது அடிப்படையே மாறியது. அதுவரை டெண்டரில் விலையை முடிவு செய்தது அரசு. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கியது நிறுவனம். இப்போது பதிவுபெற்ற நிறுவனங்களில் யாரை வேண்டுமானாலும் வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கலாம், விலையைப் பேசிக்கொள்ளலாம். மானியம் அவருடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டமும் இதே வழியில் நடக்கிறது: ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சுதந்திரம் கூடியதோடு, தேர்வு தவறினால் வரும் சுமையும் முழுதாக வீட்டுக்காரர் தலைக்கு வந்துவிட்டது.

ஆகவே பழைய பட்டியல்கள் செய்த வேலையை இன்று அவரே செய்ய வேண்டியிருக்கிறது. மானியம் வாங்க இந்தியாவில் செய்த மின்கலங்கள் கொண்ட பேனல் தேவை. பேனலின் பின்புறத்து ஒட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் வாட்டும் வரிசை எண்ணும் ரசீதில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருவது தயாரிப்பாளர். மாட்டிய வேலைக்கு ஐந்தாண்டுப் பராமரிப்புப் பொறுப்பு ஏற்க வேண்டியது அமைத்த நிறுவனம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி '25 ஆண்டு வாரண்டி' என்று மட்டும் சொல்பவரிடம், எதற்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்க வேண்டும். 'மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம், தனியாக ஒரு தொகை கொடுங்கள்' என்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்த நிறுவனம் மூன்று நான்கு ஆண்டுக்கு முன் அமைத்த ஒரு மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு, சர்வீஸுக்கு ஆள் கடைசியாக வந்தது எப்போது என்று அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.