பாலாஜியின் முதுகும் என் பையனின் முதுகும்

போன மாதம் எலும்பு டாக்டர் எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முதுகெலும்பில் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். "ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். மூணு மாசம் பௌலிங்கே கூடாது" என்றார். என் பையனுக்கு வயது 15. வலது கை வேகப்பந்து. வலி இடது பக்கம். இந்த வகை விரிசல் பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் வருமாம்.

ஒரு மாதமாகவே "அப்பா, இடுப்பு பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நான்தான் கேட்கவில்லை. "கபில்தேவ் 131 டெஸ்ட் ஆடினாரு, காயம்னு ஒரு டெஸ்ட்கூட உட்காரலை" என்று சொல்லி, ஞாயிறு காலை ஒக்கலிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நம்ம தலைமுறை அப்பாக்கள் எல்லோருக்கும் கபில்தேவ் ஒரு வசதியான உதாரணம். அவர் விதிவிலக்கு என்பது மட்டும் மறந்துபோகும்.

குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்து கிரிக்கெட் வரலாற்றைத் தோண்டினேன். நான் படித்தது பி.காம். தொழில் பேங்க். அதனால் மருத்துவத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் இறங்குகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து திரும்புகிறது. எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். உடம்பு அந்த இடத்தைப் பெயர்த்தெடுத்துப் புது எலும்பு பூசும். பெயர்க்கிற வேலை சில வாரத்தில் முடியும், பூசுகிற வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் போய்ப் பந்து வீசினால்? ஓவர்டிராஃப்ட் மேல் ஓவர்டிராஃப்ட்தான். வளரும் பையன்களுக்கு அந்த எலும்பு இன்னும் முழுசாக முற்றியிருக்காது. அதனால்தான் இங்கிலாந்தில் வயது வாரியாக ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்தான் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் முதல் பெரிய பாடம் டென்னிஸ் லில்லி. 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் முதுகெலும்பில் விரிசல். கதை முடிந்தது என்றார்கள். உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு, பிறகு பெர்த் நகரில் ஒரு பல்கலைக்கழக உடற்பயிற்சி ஆசிரியரின் துணையோடு மாதக்கணக்கில் மெதுவான பயிற்சி. 1974-75 ஆஷஸில் திரும்பி வந்து 25 விக்கெட். ஓய்வு பெற்றபோது 355. அதில் பெரும்பகுதி காயத்துக்குப் பிறகு எடுத்தது.

அதே லில்லிதான் 1987-ல் நம்ம சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனுக்குப் பயிற்சியாளராக வந்தார். அங்கே பயின்றவர்களில் ஒருவர் கர்நாடகத்தின் ஸ்ரீநாத். 1997-ல் தோள்பட்டை போய், மேற்கிந்தியத் தீவுகள் தொடருக்கே போக முடியவில்லை. (அந்தத் தொடரில்தான் பார்படாஸில் 120 எடுக்க முடியாமல் 81-ல் சுருண்டோம். ஞாபகம் இருக்கா?) அறுவை சிகிச்சை முடிந்து தேறி வந்தவர் 1999 பிப்ரவரியில் ஈடன் கார்டனில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தார்.

2000-ல் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் தேசிய கிரிக்கெட் அகாடமி வந்தது. இளைஞர்களை வளர்க்கத்தான் ஆரம்பித்தார்கள். போகப்போக, காயம்பட்டவர்கள் தேறி வரும் இடம் என்றே பெயராகிவிட்டது. 2024-ல் தேவனஹள்ளி பக்கம் பெரிய வளாகத்துக்கு மாறிவிட்டார்கள்.

என் மனதைத் தொட்டது பாலாஜி கதைதான். 2004 பாகிஸ்தான் பயணத்தில் சிரித்துக்கொண்டே சிக்ஸர் அடித்த நம்ம பையன். 2005 மார்ச்சில் மொஹாலியில் 9 விக்கெட். அதே மாதம் இதே சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆடியதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்து நீண்ட காலம் வெளியே இருந்தார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக். 2009-ல் ஒருநாள் போட்டியில் மறுபடி இந்திய ஜெர்சி. வேகம் பழையபடி இல்லை. ஆனால் பந்து வீச வந்தாரே! எட்டு டெஸ்டோடு நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பும்ராவை இன்றைக்கும் திட்டுகிறார்கள். முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பை போனது, 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில் அயர்லாந்தில் திரும்பினார். 2024 உலகக் கோப்பையில் 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. ஆஸ்திரேலியாவில் 32 விக்கெட் எடுத்த தொடரின் கடைசி டெஸ்டில், 2025 ஜனவரியில், மறுபடி முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் அந்த வருடம் இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். "கோடிக்கணக்கில் சம்பளம், இதில் லீவு வேறயா?" என்று எங்க ஆபீஸ் கேன்டீனிலேயே ஒரே சத்தம். அன்றைக்கு நானும் சேர்ந்து கத்தினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பையனுக்கு ஃபிசியோ சொன்ன பயிற்சி மட்டும்தான். வலி முழுசாகப் போனபிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து வீசலாமாம். ஊரிலிருந்து அப்பா போன் பண்ணும்போதெல்லாம், "என்னடா, பையன் சும்மாவா உட்கார்ந்திருக்கான்?" என்கிறார்.

"சும்மா இல்லப்பா, எலும்பு வேலை செய்யுது" என்றேன்.

"என்னமோ போ" என்றார். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.