பொரசு மரமும் இங்கிலாந்து துணி அலமாரியும்

திருவண்ணாமலைப் பக்கம் ஜவ்வாது மலை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சந்தன மரம்தான். அதே மாதிரி வறண்ட காடுகளில் வளரும் இன்னொரு மரம் பொரசு. வண்டி செய்ய, கலப்பை செய்ய ஆகும் கெட்டி மரம், அவ்வளவுதான் நம்மிடம் அதற்குப் பெயர். இலங்கைத் தமிழர் இதை முதிரை என்பார்கள். (சிவப்பாய்ப் பூக்கும் புரசு, அதாவது பலாசு, வேறு மரம்.)

இங்கிலாந்தில் இதற்குப் பெயர் சாட்டின்வுட்! இழைத்துப் பளபளப்பாக்கினால் பொன் மஞ்சளாக, பட்டுத்துணி போல மின்னும். அதனால் வந்த பெயர் அது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கருஞ்சிவப்பு மகோகனி அலுத்துப் போய், வெளிர் நிற மரங்களுக்கு மவுசு வந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் சாட்டின்வுட் போனது. அது வேறு இனம். பிறகு இலங்கையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் நம் பொரசு கப்பலேறியது. ஹெப்பில்வைட்டின் வடிவமைப்பு நூல் 1788-லும், ஷெரட்டனின் நூல் 1791 முதலும் வெளிவந்த காலம் அது.

அன்று துணிகளைத் தொங்கவிடும் வழக்கம் குறைவு, மடித்துத்தான் வைப்பார்கள். அதற்கென்றே 'லினன் பிரஸ்' என்ற அலமாரி இருந்தது. மேலே இரண்டு கதவுகள், உள்ளே இழுக்கும் தட்டுகள், கீழே இழுப்பறைகள். சாட்டின்வுட் விலை அதிகம் என்பதால் முழு அலமாரியையும் அதில் செய்ய மாட்டார்கள். உள்ளே ஓக், பைன் போன்ற மரம். வெளியே மெல்லிய தகடாகச் சீவி ஒட்டிய சாட்டின்வுட். அங்கே மேல்தோலாக ஒட்டப்பட்ட மரம், இங்கே முழுக்கட்டையாக வண்டியில் ஓடியது!

தாவரவியலுக்கு இம்மரத்தை அறிமுகப்படுத்திய ராக்ஸ்பர்க்கின் நூலுக்குப் பெயரே 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' (1795). அவர் இதை மகோகனி இனத்தில் சேர்த்தார். 1824-ல் தெ காண்டோல் தனிப் பேரினமாக்கினார். இன்று இது எலுமிச்சைக் குடும்பம். அண்ணாமலையாருக்கு அர்ச்சனை செய்யும் வில்வமும் இதே குடும்பம்தான்.

மெதுவாக வளரும் மரம் இது. வெட்டுவது எளிது, ஈடு செய்வது கடினம். 1998-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இருநூறு வருடத்து அலமாரியைப் பத்திரமாக வைக்க அங்கே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மரத்தைப் பத்திரமாக வைக்க வேண்டிய இடம் நம் காடுதான். அதற்கு முதலில், பார்த்தால் இதுதான் பொரசு என்று சொல்லத் தெரிய வேண்டும்.